மோட்டாரைக் கழற்றலாமா, ஹில்க்கா?

கோய்வுசாரி தீவு
4 அக்டோபர் 1984

அன்புள்ள ஹில்க்காவுக்கு,

இங்கே நலம். குவோபியோ நகரத்தில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரிச் சலவை வேலை கையைப் பாழாக்கும் என்று அக்கரை இல்மரி சொல்கிறான்.

ஒரு விஷயம். வலை என் வேலை, படகு மோட்டார் உன் வேலை என்றே இத்தனை வருஷம் இருந்துவிட்டோம். காலையில் துறையோரம் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி கட்டுகிறது. குளிர்காலத்துக்கு மோட்டாரைக் கழற்றி வைக்க வேண்டும். முதலில் எண்ணெயை வடிப்பதா, பெட்ரோலைக் காலி செய்வதா? நிமிர்த்தி வைப்பதா, படுக்க வைப்பதா? பிளக்கைக் கழற்றணுமா? அந்தச் சாம்பல் நிற கிரீஸ் டப்பா எங்கே?

கழற்றலாமா என்பதும் தெரியவில்லை. போகும்போது "கொஞ்ச நாள்" என்றாய். ஏரி உறைவதற்கு முன் வருவதாக இருந்தால் உன்னைக் கரையிலிருந்து கூட்டிவர மோட்டார் வேண்டுமே.

ஆர்வோ


குவோபியோ
9 அக்டோபர்

அன்புள்ள ஆர்வோ,

கடிதம் கிடைத்தது. கை தோல் உரிகிறது, மற்றபடி நலம்.

நீ வேலை பார்த்த மர ஆலையை மூடிய நாளிலிருந்து நீ என்னிடம் கேட்டதையெல்லாம் சேர்த்தாலும் இத்தனை கேள்வி வராது. அத்தனையும் மோட்டாரைப் பற்றி! சிரிப்பதா அழுவதா தெரியாமல் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

பெட்ரோல் குழாயை மூடிவிட்டு மோட்டாரைத் தண்ணீரில் ஓடவிடு. கார்புரேட்டரில் மிச்சம் இருப்பதைக் குடித்துவிட்டுத் தானாக நிற்கும். பிளக்குகளைக் கழற்றி அந்தத் துளைகளில் கொஞ்சம் எண்ணெய் விடு, கயிற்றை மெதுவாக இழுத்துச் சுற்று. பிறகு கீழே கியர் பெட்டியில் இருக்கும் பழைய எண்ணெயை வடித்துப் புதுசு நிரப்பு. நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். கிரீஸ் சவுனாக் குளியலறையின் ஜன்னல் மாடத்தில். வசந்தத்தில் முதல் தடவை இழுக்கும்போது புகை வரும், பயப்படாதே.

எப்போது வருவேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஹில்க்கா


கோய்வுசாரி
17 அக்டோபர்

அன்புள்ள ஹில்க்காவுக்கு,

நீ சொன்னபடி மோட்டாரை ஓடவிட்டு, பிளக் துளைகளில் எண்ணெய் விட்டு, கழற்றிக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். அன்று சாயங்காலம் உன் கடிதத்தை மறுபடி படித்தேன். 'வரமாட்டேன்' என்று நீ எழுதவில்லை. மறுநாள் மோட்டாரைத் திரும்பப் படகில் மாட்டினேன். அதற்கடுத்த நாள் படித்தபோது 'வருவேன்' என்றும் நீ எழுதவில்லை என்று பட்டது. கழற்றினேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி மாட்டினேன். இல்மரி தன் படகில் அந்தப் பக்கமாக வந்தவன் எட்டிப் பார்த்துக் கத்தினான்:

"யோவ், கழட்டுறியா மாட்டுறியா? உன்னைப் பாத்து மோட்டாருக்கே தலை சுத்தும்!"

"எனக்கே சுத்துது, போய்யா" என்றேன்.

'வசந்தத்தில் புகை வரும், பயப்படாதே' என்று எழுதியிருந்தாயே. வசந்தத்தில் நீ இங்கே இருக்கமாட்டாய் என்பதால் சொல்லி வைத்தாயா? சும்மா சொன்னாயா?

இன்னொன்று. வடித்த கியர் எண்ணெய் பால் விட்ட காபி மாதிரி இருந்தது. அப்படித்தான் இருக்குமா? குழப்பத்தில் புதுசு நிரப்பவில்லை, பழையதையே திரும்ப ஊற்றிவிட்டேன்.

ஆர்வோ


குவோபியோ
22 அக்டோபர்

ஆர்வோ,

இதை வாசித்த உடனே போய் மோட்டாரைக் கழற்று. எண்ணெய் பால் மாதிரி ஆனால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, தண்ணீரைத் தடுக்கும் சீல் போய்விட்டது என்று அர்த்தம். ஓர் இரவு நன்றாக உறைந்தால் போதும், அந்தத் தண்ணீர் விரிந்து கியர் பெட்டியைப் பிளந்துவிடும். மொத்தமாக வடியவிட்டுப் புது எண்ணெய் ஊற்று. மோட்டாரை எனக்காகப் படகில் வைத்திருக்காதே.

இந்த வரியையும் நீ நாலு விதமாகப் படிப்பாய். எனக்கும் அது எந்த விதம் என்று தெரியவில்லை. நேற்று மேற்பார்வைக்கார அம்மா கூப்பிட்டு, "வசந்தம் வரைக்கும் வேலை இருக்கு. இருக்கீங்களா, போறீங்களா?" என்று கேட்டாள். "இருக்கேன்" என்றேன். மாடிப்படி இறங்குவதற்குள் திரும்பிப் போய் "போறேன்" என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

வேலை போனதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. மேசையில் எதிரே உட்கார்ந்திருப்பது நானா நாற்காலியா என்று உனக்கு வித்தியாசம் தெரியவில்லை, அதுதான். துறையில் என் பையை எடுத்துக் கொடுத்தபோதுகூட "மேக்கால காத்து அடிக்குது" என்று மட்டும் சொன்னாய். 'ஏன் போறே' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போயிருப்பேனா என்று தெரியவில்லை.

ஹில்க்கா


இல்மரி வீடு
29 அக்டோபர்

என் அன்பு ஹில்க்காவுக்கு,

மோட்டார் பிழைத்தது. முழுக்க வடித்துப் புது எண்ணெய் ஊற்றி, அடியில் சுழலும் விசிறியின் தண்டில் கிரீஸ் தடவி, கொட்டகைச் சுவரில் நிமிர்த்திக் கட்டிவிட்டேன்.

அந்த வேலை முடிந்ததும் செய்ய ஒன்றும் இல்லை. அடுப்பருகே உட்கார்ந்து, ஏரி கெட்டியாக உறைந்து நடக்கிற பதம் வரும்வரை நீ வர வழியில்லை என்று நினைத்தேன். நான் உன்னிடம் வரலாமே என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. இது எப்படி என்று புரியவில்லை.

நேற்று துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்தேன். வளைகுடாவில் பனியை உடைத்துக்கொண்டுதான் வரமுடிந்தது. இல்மரி கேட்டான்:

"பையோட எங்கய்யா கிளம்பிட்டே?"

"குவோபியோ."

"கூப்பிட்டாளா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

"தெரியல. கேக்கணும்."

"என்னத்தக் கேக்கப் போறே?"

அதைத்தான் இப்போது அவன் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வியாழன் மதியப் பேருந்தில் வருகிறேன். உனக்குப் பிடிக்கவில்லை என்றால் ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். ஆனால் தீவுக்கு இனித் திரும்ப முடியாது. அதற்குள் ஏரி மூடியிருக்கும். எங்காவது இருந்துகொள்வேன், அதற்காக நீ யோசிக்காதே.

ஏன் போனாய், ஹில்க்கா?

உன் ஆர்வோ


(கதவில் செருகிய சீட்டு)
வியாழன்

ஆர்வோ,

எனக்கு நாலு மணி வரை வேலை. சாவி கீழ்வீட்டு லெம்பியிடம் இருக்கிறது. "யாரு வர்றாங்க?" என்று கேட்டாள். "எங்க வீட்டுக்காரர்" என்றேன், யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

அடுப்பில் பட்டாணி சூப் இருக்கிறது, சூடாக்கிக் குடி. நீ கேட்டதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தாயிற்று. வாயால் சொன்னால் வருமோ என்னவோ.

இங்கே கட்டில் ஒன்றுதான், அதுவும் குறுகல். அதற்கு என்ன செய்வது என்று நான் வந்த பிறகு யோசிப்போம். எங்கும் போய்விடாதே.

ஹில்க்கா