டூரிஸ்ட் விசாவுக்கு அப்பாவின் இரண்டாவது கடிதம்

அனுப்பர்பாளையம்,
12.7.2005, செவ்வாய்.

அன்பு மகன் சசிகுமாருக்கு அப்பா எழுதிக்கொள்வது. சிவன்மலையான் தயவில் நானும் உன் அம்மாவும் உன் தங்கை மோனிஷாவும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தைத் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை, வெள்ளிக்கிழமை போனில் நீ கத்திய கத்தலிலேயே தெரிந்துவிட்டது, தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை. நீ கத்த நான் கத்த, இனி இரண்டு பேரும் ஆற அமர எழுதிக்கொள்ளுங்கள் என்று, நீ வைத்ததும் அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். சாவி அவள் இடுப்பில் இருக்கிறது. ஆகவேதான் இந்தக் கடிதம். உறையில் இரண்டு காகிதம் இருக்கும். கையால் எழுதிய இது உனக்கு. அட்டை வைத்து மடிக்காமல் அனுப்பியிருப்பது மலேசியாவில், பினாங்கில் இருக்கும் தாய்லாந்து தூதரகத்து அம்மாவிடம் கொடுக்க வேண்டியது. அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிடாதே, இதை அந்த அம்மா யாரையாவது விட்டுப் படிக்கச் சொன்னால் நம் மானம் கப்பலேறும்.

முதலில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன், நீ பாதிதான் கேட்டாய், மீதியைக் கேட்காமல் வைத்துவிட்டாய். நீ என்னிடம் கேட்டது என்ன? பாஸ்போர்ட்டில் ஏற்கெனவே மூன்று டூரிஸ்ட் விசா இருக்கிறது, நாலாவது கேட்டதும் சந்தேகப்படுகிறார்கள், செலவுக்கு அப்பா தருகிறார், பையன் டூரிஸ்ட்டாக ஊர் சுற்றிப் பார்க்கத்தான் போயிருக்கிறான், சுற்றி முடித்ததும் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று ஒரு கடிதம் வேண்டும் என்றாய். சசி, எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. நம் வகையறாவில் எவனாவது ஊர் சுற்றினான் என்றால் அவனுக்குப் பெண் கிடைக்காது. எங்கள் கல்யாணம் முடிந்து பழனிக்குப் போனவன் சாயப்பட்டறையில் துணி கிடக்கிறதே என்று அன்று சாயங்காலமே திரும்பிவிட்டேன், உன் அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். உங்களைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போனேனே, சூரியன் உதித்ததை எல்லாரும் பார்த்தீர்கள், நான் பார்த்தது எனக்கு முன்னால் நின்றவன் பனியனில் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டிருந்ததைத்தான். அப்படிப்பட்டவன் கையால் என் மகன் ஊர் சுற்றி என்று எழுதி, அதையும் ஒரு அரசாங்கத்துக்கு அனுப்பச் சொன்னால் எப்படி?

அதனால் நானாகக் கொஞ்சம் மாற்றினேன். உனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். என் மகன் பொறுப்பானவன், பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட வெட்டியாகத் திரிந்தவன் இல்லை, தீபாவளிக்கும் கட்டிங் டேபிளில் நின்றவன், அங்கேயும் கம்பெனி வேலையாக அல்லும் பகலும் உழைத்துக்கொண்டிருக்கிறான், சுற்றிப் பார்க்க அவனுக்கு நேரமே கிடையாது என்று தமிழில் சொன்னேன். நம் ஆபீஸ் குமாரசாமி அதை இங்கிலீஷ் ஆக்கினார். அவரைப் பற்றி உனக்குத் தெரியும், முப்பது வருஷமாக ஷிப்பிங் பேப்பர் மட்டுமே அடித்த கை. உன் போன் வந்த பிறகுதான் மோனிஷா நகலை எடுத்துத் தமிழில் படித்துக் காட்டினாள். மேற்படி சசிகுமார், எண்ணிக்கை ஒன்று, எங்கள் நேரடிப் பார்வையில் உருவாகி, முழுமையாகச் செக்கிங் செய்யப்பட்டு, குறை ஏதுமற்ற நிலையில் அனுப்பிவைக்கப்பட்டார் என்று இருந்ததாம். வழியில் ஏற்படும் சேதாரத்துக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்றும் கடைசியில் போட்டிருக்கிறார். நாலு மூலையிலும் கம்பெனி சீல், கூடவே ஏற்றுமதி லைசென்ஸ் நகல், செக்கிங் செக்‌ஷன் போட்டோ ஒன்று. மோனிஷா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

அந்தத் தூதரகத்து அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அப்பாவே வேலைக்கு வந்திருக்கிறான் என்று எழுதிக் கொடுத்தால் டூரிஸ்ட் விசா எப்படிக் கொடுப்பாள்? வேறு கடிதம் வேண்டும், பேக்ஸ் ஆகாது, கையெழுத்துப் போட்ட ஒரிஜினல் வேண்டும், 18ஆம் தேதி திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் விசா கிடையாது என்று தவணை கொடுத்தாளே, அதுவே பெரிய மனசு. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் அந்த லாட்டையே ரிஜெக்ட் பண்ணியிருப்பேன்.

ஆனால் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது அதில்லை. போனை வைப்பதற்கு முன்னால் நீ, நான் இங்க வேலைக்கு வரலீங்கப்பா என்று கத்தினாய் பார், அதுதான். போன புரட்டாசியில் எம்ப்ராய்டரி மெஷின் கண்காட்சி பார்த்துவிட்டு ஐந்து நாளில் வருகிறேன் என்று பேங்காக் போனவன் நீ. அப்புறம் மார்க்கெட் பார்க்கிறேன் என்றாய். மூன்று மாதத்துக்கு ஒருதரம் பினாங்கு போய் இன்னொரு டூரிஸ்ட் விசா வாங்கி வந்தாய். நான் இங்கே போகிற கல்யாணத்தில் எல்லாம் பையன் பேங்காக்கிலும் மலேசியாவிலும் சரக்கு வாங்கும் பையர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். எந்த பையருங்க என்று யாராவது கேட்டால், அது வெளியே சொல்லக்கூடாதுங்க என்று ரகசியமாகச் சிரித்தும் வைத்தேன். இப்போது வேலைக்கு வரவில்லை என்றால் வேறு எதற்குத்தான் போனான் என்று உன் அம்மாவிடம் கேட்டேன். அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஏனுங்க, உங்களுக்கு நெசமாவே தெரியாதுங்களா என்றாள். தெரியாது என்றேன். பொங்கலுக்கு வந்த போட்டோவுல அவன் பக்கத்துல நின்ன புள்ளைய நீங்களும்தானே பார்த்தீங்க என்றாள்.

பார்த்தேன், ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பெண் போட்டிருந்த டீ-சர்ட்டின் கழுத்து ரிப் பட்டி தளர்ந்து தொங்கியதைப் பார்த்தேன். யார் கம்பெனி சரக்கு என்று போனில் உன்னிடம் கேட்டதும் ஞாபகம் இருக்கிறது, நீ பேச்சை மாற்றிவிட்டாய். கழுத்துக்கு மேலே ஒரு முகம் இருந்தது எனக்குத் தோன்றவே இல்லை. பெயர் மாலியாம், அந்த மெஷின் கம்பெனியில் நம் ஆட்களுக்கு மொழி பெயர்த்துச் சொல்கிற பெண்ணாம், அப்பா ஸ்கூல் பஸ் ஓட்டுகிறாராம், உன் அம்மாவிடம் போனில் நாலு தமிழ் வார்த்தைகூடப் பேசியிருக்கிறாளாம். ஆறு மாதமாக இந்த வீட்டில் இத்தனையும் நடந்திருக்கிறது. மோனிஷாவுக்குத் தெரியும், குமாரசாமிக்குக்கூட லேசாகத் தெரியுமாம். எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது. பெண் என்பதால் இல்லை, என்னிடம் மட்டும் மறைத்தாயே என்றுதான். அதுவும் முழு உண்மை இல்லை சசி, பெண் என்பதாலும்தான். நாளைக்கு நாலு பேர், மருமகள் என்ன கூட்டமுங்க, எந்தக் குலதெய்வக் கோயிலுங்க என்று குலம் கோத்திரம் கேட்டால் நான் எங்கே போவேன் என்று உன் அம்மாவிடம் குதித்தேன். ஒரே கூட்டத்துக்குள்ள கட்டக்கூடாதுங்கறதுதானுங்க நம்ம வழக்கம், அந்தப் புள்ள நம்ம கூட்டம் இல்லைன்னு சத்தியமே பண்ணலாமுங்க, அப்புறம் என்னங்க என்கிறாள். இவளிடம் பேசி ஜெயித்தவர்கள் இந்தத் தாலுக்காவில் இல்லை.

ஒன்றை உன்னிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் கடிதம் எழுதவில்லை. உன் அப்புசாமி மாமா வந்திருந்தார், விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஏனுங்க மச்சான் இதுக்குப் போய் மண்டையைப் போட்டு உடைச்சுக்கறீங்க, நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாமுங்க, சும்மா இருங்க, அடுத்த வாரம் திங்கக்கிழமை தவணை முடிஞ்சா பையன் தன்னால ஊட்டுக்கு வந்துருவான் என்றார். எனக்கு அது ரொம்பவும் பிடித்துவிட்டது. சண்டை இல்லை, சத்தம் இல்லை, கூரியர் போடாமல் இருந்தால் போதும், நீ பெட்டியோடு வந்து நிற்பாய். பத்து மாதமாக உன் அறையில் விளக்கு எரியவில்லை, அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அம்மாவிடம் இந்த யோசனையைப் பெருமையாகச் சொன்னேன். கோபப்படுவாள் என்று பார்த்தேன், படவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டே, வருவானுங்க, வந்து அதே மிஷின்லதான் நிப்பானுங்க, ஆனா உங்க மூஞ்சியப் பார்க்கமாட்டானுங்க என்றாள். தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தேன்.

நேற்று, திங்கட்கிழமை காலையில் மோனிஷாவை உட்கார வைத்து இங்கிலீஷில் எழுதச் சொன்னேன். குமாரசாமியை அறைக்குள் விடவில்லை, ஒரே ஒரு சீலாவது வெச்சுக்கறனுங்க என்று கதவருகில் நின்று கெஞ்சிப் பார்த்தார், முடியாது என்றுவிட்டேன், நேற்றிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என் மகன் அங்கே ஒரு வேலையும் பார்க்கவில்லை, முந்திய கடிதம் என் தப்பு, அது ஒரு அப்பனின் ஜம்பம், அவன் சுற்றிப் பார்க்கத்தான் போயிருக்கிறான், எனக்குத் தெரிந்து, என் சம்மதத்தோடு, என் செலவில்தான் போயிருக்கிறான் என்று எழுதியிருக்கிறோம். பெண் விஷயத்தை எழுதாமல் விட்டால் பொய் ஆகுமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. டூரிஸ்ட் போய் மலையைப் பார்க்கலாம், கோயிலைப் பார்க்கலாம், ஒரு ஆளைப் பார்க்கக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லைங்கப்பா என்கிறாள் உன் தங்கை. இருந்தாலும் அந்த அம்மா நேராகக் கேட்டால் நீ நேராகவே சொல்லிவிடு, ஒளிக்காதே, ஒளித்ததில் நாம் பட்டது போதும். கடைசியில், விசா காலத்துக்குள் என் மகன் வீடு திரும்புவான் என்று நான் உறுதி சொல்கிறேன் என ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் டைப் அடிக்க வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். மோனிஷா எழுதிக் காட்ட, எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். எழுதும்போது எனக்கே அது நிச்சயமாகத் தெரியவில்லை, கண் கலங்கிவிட்டது. என் கையெழுத்துக்குக் கீழே ஒரு இடத்தில் மை கலைந்திருக்கும், அந்த அம்மா கேட்டால் மழை என்று சொல்லிக்கொள்.

மற்றபடி இங்கே தையலுக்குப் பவர் டேபிள் இரண்டு புதிதாகப் போட்டிருக்கிறோம், ஆர்டர் குறையில்லை, பீகார் பையன்கள் ஆறு பேர் சேர்ந்திருக்கிறார்கள், அவர்களோடு பேசிப் பேசி உன் அம்மா இந்தி கற்றுக்கொண்டுவிட்டாள், நான் இன்னும் கையைத்தான் ஆட்டுகிறேன். நீ அங்கே மூன்று வேளையும் நூடுல்ஸ் தின்னாதே. பினாங்கில் நம் ஆட்கள் சாப்பாட்டுக் கடை இருக்கிறதாம், ஒரு வேளையாவது சோறு சாப்பிடு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, லாட்ஜில் வழுக்கிவிழாமல். கடிதம் கொடுக்கப் போகும்போது கசங்காத முழுக்கைச் சட்டை போட்டுக்கொள், டீ-சர்ட் வேண்டாம், பனியன் கம்பெனிக்காரன் நானே சொல்கிறேன். அம்மா ஒரு டப்பா பருப்புப்பொடி வைத்தாள், கூரியர்க்காரன் வாங்க மாட்டேன் என்றுவிட்டான், அவனோடு அரை மணி நேரம் சண்டை போட்டாள்.

திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குள் கொடுத்துவிட வேண்டும், மறந்துவிடாதே. விசா கிடைத்ததும் போன் பண்ணு, அம்மா பீரோவைத் திறந்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். பேங்காக் போய் இறங்கியதும் முதல் வேலையாக அந்தப் பெண்ணின் அப்பாவைப் போய்ப் பார், பெண்ணிடம் மட்டும் பேசிக்கொண்டு காலத்தை ஓட்டாதே. பெற்றவனுக்குக் கடைசியில் தெரிவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அவருக்காவது சீக்கிரம் தெரியட்டும். எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு கண்ணு, கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதை நேரில் வைத்துக்கொள்ளலாம். இனி நீ பினாங்குக்கும் பேங்காக்குக்கும் அலைந்தது போதும். அடுத்த விசாவுக்கு அந்தப் பெண் எழுதிக் கொடுக்கட்டும், நம் ஊரைப் பார்க்க வருகிறேன் என்று. அதற்கு இங்கிருந்து கடிதம் வேண்டுமென்றால் நான் தருகிறேன். அந்த விசா பாரத்தில் எல்லாவற்றையும் சரியாக நிரப்பச் சொல், திரும்பிப் போகும் தேதி என்று கேட்டிருக்கும் இடத்தை மட்டும் என்ன செய்வது என்று உன் அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள், எனக்கும் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் வரவை, உங்கள் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
செ. அர்த்தநாரி