பிள்ளைக்கு அந்தப் பெயர் வேண்டாம்

எசன், ஜேர்மனி,
14.03.1986

அன்பு மகன் கிறிஸ்தோப்பர் அறிவது,

மடு மாதாவின் துணையால் நானும் உன் தங்கச்சி சிசிலியும் இங்கு சுகமாக இருக்கிறோம், மன்னாரில் நீயும் அம்மாவும் மருமகளும் பிறந்த குஞ்சும் அப்படியே இருக்கவேண்டும் என்பதுதான் எங்கள் மன்றாட்டு. உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. பேரன் பிறந்த செய்தி வாசித்து அழுதேன், அடுத்த பக்கத்தைத் திருப்பியதும் அழுகை நின்றுவிட்டது. சாமியார் ஞானஸ்நானத்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டார் என்பதால் பிறப்புப் பதிவில் மட்டும் ஹிட்லர் என்று வைக்கப்போகிறாயாம், எங்கட சனத்துக்கும் அப்பிடி ஒருத்தன் வந்தால்தான் விடிவாம். அட மடையா, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற உனக்குப் புத்தி எங்கே போனது? பதிவுக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய், அதனால்தான் அன்ராக் என்று இங்கே சொல்லும் அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராததையும் சிசிலியின் இருமலையும் விட்டுவிட்டு இதை இன்றே தபாலில் போடுகிறேன்.

நான் வந்த புதிதில் செய்த கூத்தைக் கேள். ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் கோப்பி தந்தார்கள். சோறு போடுகிற சனத்தைச் சந்தோசப்படுத்துவோம் என்று நினைத்து, ஹிட்லர் பெரிய ஆள், இங்கிலீசுக்காரனை நடுங்க வைத்தவன் என்று தெரிந்த நாலு சொல்லில் சொன்னேன். பக்கத்தில் இருந்த கெற்றூட் அம்மா கேக் தட்டை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். மறுநாள் அவரே வந்து சிசிலியையும் என்னையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு படத்தைக் காட்டினார். புத்தி கொஞ்சம் மந்தமான அவருடைய தம்பி வில்லி, பதினேழு வயது. ஹிட்லரின் ஆட்கள் ஆசுப்பத்திரிக்கு என்று பஸ்ஸில் ஏற்றிப் போனார்களாம், மூன்று கிழமையில் நிமோனியா என்று ஒரு கடிதமும் சாம்பலும் வந்ததாம், அப்படிப்பட்டவர்களை எல்லாம் அங்கே கொன்றுதான் முடித்தார்களாம். சிசிலி அதைத் தமிழில் சொல்லச் சொல்ல எனக்குத் தலை நிமிரவில்லை.

இதுதானடா உன் வீரன். இத்தாலியில் நாடியை நிமிர்த்திக்கொண்டு மேல்மாடத்தில் நின்று கத்தின அந்த மொட்டைச் சர்வாதிகாரியைப் பார்த்துக் கையை உயர்த்தப் பழகினவன். இங்கே சுரங்க வேலை போய்ச் சனம் பசியில் நின்ற நேரம் பார்த்து வந்தான். கெற்றூட் அம்மாவின் தகப்பனும் வேலையில்லாமல் இருந்தவர்தான், கொஞ்ச நாளைக்குக் கத்தட்டும், ஒழுங்கு வந்தாப் பிறகு கலைச்சுவிடலாம் என்று அவனுக்கே வோட்டுப் போட்டாராம். ஆறு மாதத்துக்குள் வேறு கட்சியும் இல்லை, தொழிற்சங்கமும் இல்லை, யார் யாரைக் கலைப்பது? அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள், இந்த அற்பன் யூதச் சனத்தைக் குஞ்சுகுருமானோடு கொன்றான். கடைசியில் நிலவறைக்குள் ஒளித்திருந்து செத்தான், தூ.

உன்னை மட்டும் ஏசி என்ன பயன். உனக்குச் சோறு தீத்தும்போது அவன் கதையை வீரக் கதையாகச் சொன்னவன் நான்தான். என் அப்பு சொன்னதை ஒன்றும் விசாரிக்காமல் உன் காதிலும் ஓதினேன். அந்தப் பாவம் என்னோடு நிற்கட்டும் மகன், பிள்ளையின் தலையில் கட்டாதே. பெயரை மருமகளும் அம்மாவும் பேசி வைக்கட்டும், நீ வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

இதை அம்மாவுக்கு முழுக்க வாசித்துக் காட்டு. மருமகளுக்குப் பத்தியச் சாப்பாடு ஒழுங்காகக் கொடுக்கச் சொல். மாதா உங்கள் எல்லோரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாராக. பெயர் வைத்த உடனே தந்தி அடி, மறக்காதே. கெற்றூட் அம்மா பிள்ளைக்கென்று கம்பளிச் சப்பாத்துப் பின்னி வைத்திருக்கிறார், பிறந்துவிட்டதா என்று நேற்றும் கேட்டார். இன்னும் இல்லை என்று தவக்காலத்திலும் பொய் சொன்னேன். பிறந்தது என்றால் பெயர் என்ன என்று கேட்பார்.

இப்படிக்கு,
உன் அப்பா
மரியரட்ணம்