கல் இன்னும் பழகவில்லையாம்

அன்பு மகன் முகமது ஆசிபுக்கு, செல்லூரிலிருந்து அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகள் ஃபாயிஸாவும் பேத்தி சுஃபியாவும் அல்லாஹ்வின் காவலில் நலமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் கொதிக்கிறது. ஆரப்பாளையத்துக் கடைக்காரன் கல் உதிர்கிற கிரைண்டரை நம் தலையில் கட்டிவிட்டு, எனக்கு மாவாட்டத் தெரியவில்லை என்கிறான்.

புதுக் கல் கொஞ்சநாள் உதிரத்தான் செய்யும், எனக்குத் தெரியாதா? தவிட்டைப் போட்டு ஆட்டினேன், பழைய அரிசியைப் போட்டு ஆட்டினேன், மாவில் நறநறப்பு நிற்கவில்லை. போய்க் கேட்கும்போதெல்லாம் "பழகும்மா, பழகும்" என்றே அனுப்பினான். இதற்குள் என்னிடம் இட்லி மாவு வாங்குகிற வாடிக்கையில் பாதி போய்விட்டது. அடுத்த தெரு சுந்தரவல்லி, "அக்கா, இம்புட்டு மண்ணு இருந்தா நான் செவுத்துக்குப் பூசிருவேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அதன்பிறகு அவள் வரவில்லை. போன வாரம் சத்தம் போட்டேன். "பில்லு ஓம் பேருலயா இருக்கு? ஷார்ஜாவுல இருக்குற மகன வரச் சொல்லு, அவருதான் கஸ்டமரு, நீ சும்மா மாவாட்டுற ஆளு" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டான். மகன் வாங்கித் தருகிறான் என்ற பெருமையில் உன் பேரைப் போடச் சொன்னவள் நான்தான். அதை வைத்தே அடிக்கிறான்.

நீயோ போனில் "விடும்மா, வேற வாங்கித் தாரேன்" என்கிறாய். வேறு வாங்கினால் இந்த அஜ்மல் பீவிக்கு மாவாட்டத் தெரியாது என்பது ஊரில் உண்மையாகிவிடும். நுகர்வோர் சட்டத்தைத் தமிழில் வாங்கி, மாவு புளிக்கிற நேரமெல்லாம் படித்தேன். வாங்கியவர் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். வியாபாரத்துக்கு வாங்கியதற்கு இந்தச் சட்டம் செல்லாது என்று அவன் சொல்வான். வயிற்றுப்பாட்டுக்குத் தன் கையால் செய்கிற தொழில் அந்தக் கணக்கில் வராது. இவ்வளவு சின்ன விலைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவேண்டிய கட்டாயமும் இல்லை, நான் குடியிருக்கிற மதுரையிலேயே நுகர்வோர் கோர்ட்டில் மனுப் போடலாம். ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போட்டாக வேண்டும். வாங்கிய நாளிலிருந்து எண்ணினால் அடுத்த மாதத்தோடு முடிகிறது. பழகும் பழகும் என்று அவன் இழுத்தது எதற்கென்று இப்போது புரிகிறதா?

ஆகவே, இந்தக் கிரைண்டரை என் தாயார் பயன்படுத்துவதற்காகவே வாங்கினேன் என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதை ஃபாயிஸா கூரியரில் அனுப்பட்டும், உன்னிடம் விட்டால் மறந்துவிடுவாய். நீ பணம் அனுப்பிய பேங்கு ரசீதையும் அவளே எடுத்து வைக்கட்டும். கடைக்காரனுக்கு நோட்டீஸ் நான் எழுதுகிறேன், மனுவும் நான்தான். கிரைண்டரை யாரும் பழுது பார்க்கக் கூடாது, பரிசோதிக்கச் சொன்னால் அப்படியே கொண்டு போக வேண்டும். பாதி விலைக்குப் பேசி முடிக்கலாம் என்று அவன் உனக்குப் போன் பண்ணுவான், பில்லில் உன் நம்பர் இருக்கிறது. நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது. அம்மாவிடம் பேசுங்கள் என்று சொல்லி வைத்துவிட வேண்டும்.

வெயிலில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. உங்கள் மூவருக்கும் ரப்பு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். கடிதம் இந்த வாரமே கிளம்ப வேண்டும்.

உன் அம்மா,
மனுதாரர் அஜ்மல் பீவி