நிறுத்தாமல் இருபது நிமிடம்

கொட்டாஞ்சேனை
31.08.2025, ஞாயிறு

கொன்ஸ்ரன்ரைன் அவர்களுக்கு,

நலம். உங்கள் நலத்துக்கும் காலைப் பூசையில் கேட்டுக்கொண்டேன். பழக்கத்தில் கேட்டதுதான், வேறு அர்த்தம் எடுக்கவேண்டாம்.

கார் ரிப்பேர் முடிந்து வந்துவிட்டது. வழக்கம்போல தேவாலய வளவில் விட்டிருக்கிறேன், கடிதம் டாஷ்போர்ட் பெட்டிக்குள். பாதர் றேமண்ட் பிரித்துக் கொடுத்த முறைப்படி இந்தக் கிழமை கார் உங்களுக்கு, அடுத்த கிழமை எனக்கு. போனில் கதைத்தால் இரண்டாம் நிமிடமே சண்டை வருகிறது, எழுதுங்கள் என்று அவர் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. நீங்கள் வெள்ளவத்தையில் உங்கள் தங்கச்சி வீட்டு மேல்மாடிக்குப் போயும் அதே ஒன்றரை வருடம்.

ரிப்பேர் என்னவென்று கேட்டிருந்தீர்கள். அரசாங்க ஊழியருக்கான என்னுடைய வரிச்சலுகைப் பேமிட்டில் எடுத்த கார் என்பதால் கம்பனிக் கடிதம் என் பெயருக்கு வந்தது. டீசல் எஞ்சினுக்குள் ஒரு புரோகிராம் ஒளித்து வைத்திருந்தார்களாம். புகைப் பரிசோதனை நடக்கிறது என்று கார் தானாகவே அறிந்து, அந்த நேரம் மட்டும் சுத்தமாக நடந்துகொள்ளுமாம். றோட்டில் இறங்கியதும் பழைய குணம். பிடிபட்டு, இப்போது எல்லாக் கார்களையும் திருப்பிக் கூப்பிட்டு அதை எடுத்துவிடுகிறார்கள்.

எனக்கு ஆச்சரியமே இல்லை. பாதருக்கு முன்னால் ஒரு கொன்ஸ்ரன்ரைன், சமையலறையில் வேறொரு கொன்ஸ்ரன்ரைன் என்று முப்பத்திரண்டு வருடம் சீவித்தவள் நான். டெனிஷா மெல்பேர்னில் புருசனைப் பிரிந்து தனிய இருந்த பதினொரு மாதமும் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் அவளோடு போனில் கதைத்துவிட்டு, "பிள்ளை நல்லா இருக்கிறா" என்றீர்கள். பெற்றவள் நான், அதைத் தேவாலய வாசலில் வேறொரு மனுசியின் வாயால் கேட்டேன்.

கிறிஸ்மஸோடு வீட்டுக்கே வந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்னும் பதில் இல்லை. யோசிக்கிறேன்.

ஒரு முக்கியமான விஷயம். கிராண்ட்பாஸ் கராஜ் பிரதீஸ் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "டீச்சர், முந்தி டெஸ்ட் நேரம் மட்டும்தான் புகைய அடக்குச்சு. இப்ப எந்நேரமும் அடக்குது. அந்தக் கரியெல்லாம் பில்டருக்குள்ள சேருது. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா ஹைவேல ஏத்தி இருபது நிமிஷம் நிப்பாட்டாம ஓடுங்க, எரிஞ்சிரும். பாதியில ஓஃப் பண்ணினா திரும்ப முதல்ல இருந்து."

ஆகவே உங்கள் முறைக்கு நீங்களும் ஓடவேண்டும்.

றோஸி


வெள்ளவத்தை
07.09.2025, ஞாயிறு

அன்பின் றோஸிக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. திட்டியிருந்தாலும் மூன்று பக்கம் எழுதியிருந்தீர், அதற்கு நன்றி.

கார் நன்றாக இருக்கிறது. முந்தியைவிட இழுவை கொஞ்சம் குறைவு, டீசலும் கூடக் குடிக்கிறது. மிதித்ததும் பாய்கிற கார் இப்போது ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் கிளம்புகிறது. வயது போகிறது, அதற்கும்.

பிரதீஸ் சொன்னபடி செவ்வாய்க்கிழமை ஹைவேயில் நீர்கொழும்பு வரை போய்வந்தேன். கடற்கரையில் கொஞ்ச நேரம் நின்றேன். நல்ல காற்று.

டெனிஷாவின் விஷயத்தில் நான் செய்தது பிழை. அதை எத்தனை தரம் எழுதினாலும் உமக்குப் போதாது என்பதும் தெரியும். பிரசர் கூடியிருக்கிற நேரம் உமக்கு எப்படிச் சொல்வது என்று பார்த்தேன், பார்த்துப் பார்த்து பதினொரு மாதம் போய்விட்டது.

கிறிஸ்மஸ் பற்றி அவசரம் இல்லை. ஆனால் யோசிக்கிறேன் என்று எழுதினீரே, அந்த வரியைப் பலமுறை படித்தேன். ஷெரோமி நல்ல சாப்பாடுதான் தருகிறாள். இருந்தாலும் தங்கை வீட்டில் கிடப்பது ஒரு மாதிரித்தான் இருக்கிறது. எழும்பினால் எங்கே போவது, இருந்தால் எங்கே இருப்பது என்று தெரியவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து தரம் படியிறங்கி ஏறுகிறேன்.

மருந்தை நேரத்துக்குப் போடும்.

அன்புடன்,
கொன்ஸ்ரன்ரைன்


கொட்டாஞ்சேனை
14.09.2025, ஞாயிறு

கொன்ஸ்ரன்ரைன் அவர்களுக்கு,

புதன்கிழமை பாடசாலைக்குப் போகும்போது டாஷ்போர்ட்டில் பில்டரின் மஞ்சள் லைற் எரியத் தொடங்கியது. காரை நிறுத்திய பிறகும் முன்னால் காற்றாடி ஓயாமல் சுற்றுகிறது. ஏதோ கருகுகிற மணம். பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று பார்க்கிறார்கள். உப அதிபருக்கு வேறு என்ன மரியாதை வேண்டும்.

பிரதீஸிடம் கொண்டுபோனேன். "ரெண்டு பேர்ல யாரோ பாதியில நிப்பாட்டுறீங்க டீச்சர்" என்றான். நான் என் முறைக்கு ஜாஎல வரை ஓடித்தான் வந்தேன். அப்படியானால் நிப்பாட்டுகிறவர் யார்? நீர்கொழும்புக்குப் போகிற வழியில் எங்காவது இறங்கி இளநீர் குடித்தீர்களா? உங்களுக்கு எதையும் ஒரே மூச்சில் முடிக்கிற பழக்கம் கிடையாது. கடைசியாக நீங்கள் தொடங்கி முடித்தது நம்முடைய கல்யாணம். அதைக்கூட உங்கள் அம்மாதான் முடித்துவைத்தார்.

இடது பக்கக் கதவில் ஒரு கீறல், கண்ணாடியும் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. அது என்ன கணக்கு?

எனக்கு இந்தக் கிழமை முழுக்க நித்திரை சரியில்லை. வீட்டில் ஒரு அறையிலிருந்து மற்ற அறைக்கு நடக்கிறேன். யன்னல் பூட்டியிருக்கிறதா என்று மூன்று தரம் பார்க்கிறேன். உங்களுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாததுதான் காரணம். வா என்று எழுதினால், வந்து மறுநாளே எதையாவது மறைப்பீர்கள் என்று பயம். வரவேண்டாம் என்று எழுதப் பேனாவை எடுத்தால் கை போகவில்லை.

றோஸி


வெள்ளவத்தை
21.09.2025, ஞாயிறு

அன்பின் றோஸிக்கு,

கீறல் பம்பலப்பிட்டியில் ஒரு பஸ் நெருக்கியதில் வந்தது. பெரிய விஷயம் இல்லை, பூச்சுப் போட்டால் தெரியாது. உமக்கு எழுதியிருக்கவேண்டும், மறந்துவிட்டேன்.

இந்தக் கிழமையும் ஹைவேயில் ஓடினேன். இம்முறை எங்கேயும் இறங்கவில்லை, இளநீரும் குடிக்கவில்லை. லைற் இன்னும் நிற்கிறது என்றால் பிரதீஸைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கச் சொல்லும்.

டெனிஷா போன வியாழன் எனக்கு எடுத்தாள். "அம்மாவோட கதைச்சீங்களா" என்று கேட்டாள். எழுதுகிறோம் என்றேன். "ஒரே ஊருக்குள்ள இருந்துகொண்டு ரெண்டு பேரும் எழுதுறீங்களோ" என்று சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு எவ்வளவு காலம். இதை மறைக்காமல் உடனே எழுதிவிட்டேன், பார்த்தீரா.

நித்திரை வராவிட்டால் ரேடியோவைப் போட்டுவிட்டுப் படும். பயப்படும்படி நான் ஒன்றும் மறைக்கவில்லை.

அன்புடன்,
கொன்ஸ்ரன்ரைன்


கொட்டாஞ்சேனை
28.09.2025, ஞாயிறு

கொன்ஸ்ரன்ரைன்,

பிரதீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தான், கரி ஒரு தரமும் முழுதாக எரியவில்லையாம். அதற்குப் பிறகுதான் நான் மீற்றர் இலக்கங்களைக் கழித்துப் பார்த்தேன்.

பதினான்காம் திகதி காரை உங்களுக்கு விட்டபோது இருந்த இலக்கத்தைக் குறித்து வைத்திருந்தேன். இருபத்தோராம் திகதி திரும்ப எடுத்தபோது குறித்ததில் இருபத்திரண்டு கிலோமீற்றர்தான் கூடியிருந்தது. தேவாலயத்திலிருந்து வெள்ளவத்தைக்குப் பதினொன்று, வெள்ளவத்தையிலிருந்து தேவாலயத்துக்குப் பதினொன்று. நீர்கொழும்பு அந்த றோட்டில் இல்லை.

ஹைவேயில் ஓடினேன், எங்கேயும் இறங்கவில்லை, இளநீரும் குடிக்கவில்லை என்று எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறீர்கள். நான் நம்பினேன். அதுதான் எனக்கு வெட்கம். கராஜில் பிரதீஸுக்கு முன்னால் நின்று, "சேர் கட்டாயம் ஓடியிருப்பார்" என்று உங்களுக்காகக் கதைத்தேன்.

அந்தக் கார்கூட இப்போது உண்மை பேசுகிறது. கரி இருந்தால் கரி இருக்கிறது என்று லைற் போடுகிறது. உங்களுக்கு எந்தக் கம்பனி ரிப்பேர் செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை.

இருபது நிமிடம் ஓடுவது ஒரு வேலையா? முடியாது, விருப்பம் இல்லை, பஞ்சி, சோம்பல் என்று எழுதியிருந்தால் நான் என்ன கொன்றுவிடுவேனா? அடுத்த ஞாயிறு உண்மையை எழுதி வையுங்கள். இன்னொரு கதை எழுதினால் கிறிஸ்மஸும் இல்லை, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பாதரிடம் நானே போய்ச் சொல்லிவிடுவேன்.

றோஸி


வெள்ளவத்தை
05.10.2025, ஞாயிறு

அன்பின் றோஸிக்கு,

இன்று காரை நான் ஓட்டிவரவில்லை. கூலிக்கு ஒரு டிரைவரைப் பிடித்துக் கொண்டுவந்தேன். என்னிடம் இருந்த சாவியும் இந்தக் கவருக்குள் இருக்கிறது.

எனக்கு இடது கண்ணில் ஓரப் பார்வை போய்விட்டது. மார்ச் மாதம் டொக்டர் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றுவிட்டதாம். போனது திரும்பாது, இருப்பதை மருந்து விட்டுக் காப்பாற்றலாம் என்றார். கார் ஓட்டவேண்டாம் என்றும் சொன்னார். ஷெரோமிக்கும் தெரியாது. மருந்துப் போத்தலை சவர சாமான்களோடு வைத்திருக்கிறேன்.

ஹைவேயில் ஏற எனக்குப் பயம். இடது பக்கத்தால் வருவது எனக்குத் தெரியாது. ஞாயிறு விடியற்காலை காலி வீதி வெறிச்சென்று இருக்கும், அதனால் அந்தப் பதினொரு கிலோமீற்றரை மட்டும் மெல்ல ஓட்டிவருவேன். கீறல் பஸ்ஸால் வந்தது அல்ல. கார் தரிப்பிடத்துக் கம்பத்தில் நானே உரசினேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இரண்டு கிழமைக்கு முன் கொள்ளுப்பிட்டியில் ஒரு பெண் இடது பக்கத்தால் றோட்டைக் கடந்திருக்கிறாள். நான் காணவில்லை. அவள் கையால் பொனற்றில் அடித்த சத்தத்தில்தான் பிரேக்கை மிதித்தேன். "ஐயே, பேன்னே நெத்த?" என்று சிங்களத்தில் கத்தினாள். கண் தெரியவில்லையா என்று கேட்டாள். நான் அப்போதே கார் ஓட்டுவதை விட்டிருக்கவேண்டும். அதற்குப் பிறகும் ஓட்டினேன், தேவாலயத்துக்கும், அங்கிருந்து திரும்ப வெள்ளவத்தைக்கும்.

ஏன் என்று கேட்பீர். எனக்குக் கார் தேவையே இல்லை. வெள்ளவத்தையில் எல்லாம் நடக்கிற தூரம். காரை வேண்டாம் என்றால் என் கிழமை போய்விடும். கிழமை போனால் டாஷ்போர்ட் பெட்டிக்குள் கடிதம் இருக்காது. திட்டுவதற்காவது நீர் எழுதுகிறீர் அல்லவா.

உம்மைக் காப்பாற்றத்தான் மறைக்கிறேன் என்று இவ்வளவு காலம் நினைத்திருந்தேன். அது உண்மை இல்லை. சொன்னதும் உம்முடைய முகம் மாறும், அதைப் பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது. டெனிஷாவின் விஷயமும் இதேதான்.

இதற்காக இரங்கி என்னைக் கூப்பிடவேண்டாம். கோபமாக இருந்தால் கோபமாகவே இரும். எனக்கு உம்மோடு இருக்க விருப்பம், அவ்வளவுதான்.

கொன்ஸ்ரன்ரைன்


கொட்டாஞ்சேனை
11.10.2025, சனி

அன்புள்ள கொன்ஸ்ரன்ரைனுக்கு,

உங்கள் கடிதத்தைக் காருக்குள் இருந்தே படித்தேன். இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தப் பெண் கையால் அடித்திராவிட்டால் இன்றைக்கு ஒரு வீட்டில் செத்தவீடு. கடிதத்துக்காக ஒரு உயிரோடு விளையாடியிருக்கிறீர்கள். இதை நான் ஒரு தரம்தான் எழுதுவேன், ஆனால் மறக்கமாட்டேன்.

பிறகு என் பக்கத்தையும் சொல்லவேண்டும். ஜாஎல வரை ஓடினேன் என்று எழுதினேனே, அது பொய். பேலியகொடையில் ஹைவே வாசல் வரைதான் போனேன். அந்த வேகத்தில் வருகிற லொறிகளுக்கு நடுவே எப்படி நுழைவது என்று பயந்து திரும்பிவிட்டேன். ஒரு தரம் இல்லை, இரண்டு தரம். உங்களைக் குற்றம் சொன்ன அதே பேனாவால் நானும் கதை எழுதினேன். நீங்கள் பதினொரு மாதம், நான் ஒரு மாதம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஞாயிறு உங்கள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நேரே பேலியகொடைக்குப் போய் ஏறினேன். அழுதுகொண்டு ஓட்டினேன். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான், அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கட்டுநாயக்க வரை நிறுத்தவில்லை. எந்த இடத்தில் லைற் அணைந்தது என்று தெரியாது, வெளியே இறங்கும்போது பார்த்தேன், இல்லை.

வியாழக்கிழமை காரை விற்றுவிட்டேன். எங்கள் பாடசாலையில் முந்திப் படிப்பித்த நஸ்லாவை உங்களுக்குத் தெரியும். இப்போது புத்தளத்தில் வேலை, கிழமைக்கு மூன்று தரம் கொழும்புக்கு வந்துபோகிறாள். ரிப்பேர், கரி, மணம், கதவுக் கீறல் எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். "அது பரவாயில்ல டீச்சர், எனக்கு ஓடுறதுக்குத் தூரம் தாராளமா ஈக்கிது" என்றாள்.

உங்களிடம் கேட்காமல் விற்றதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். நீங்கள் ஸ்டியரிங்கைத் தொடாமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி அதுதான். பாதருக்கும் சொல்லிவிட்டேன். இனி உங்கள் கிழமை, என் கிழமை என்று ஒன்றும் இல்லை.

இன்று நாலு மணிக்குக் கண் டொக்டரிடம் சனல் பண்ணி நம்பர் எடுத்திருக்கிறேன். இரண்டாவது ஆளிடமும் காட்டவேண்டும். டொக்டர் சொல்வதை நானும் பக்கத்தில் இருந்து கேட்பேன், என் முகம் எப்படி மாறுகிறதோ அப்படி மாறட்டும், நீங்கள் பாருங்கள். அது முடிந்து கொட்டாஞ்சேனைக்குத்தான் போகிறோம். உடுப்புகளை நாளைக்கு எடுக்கலாம். கிறிஸ்மஸ் வரைக்கும் என்னால் காத்திருக்க முடியாது.

மட்டக்குளி பஸ்ஸில் வந்து, இந்தக் கடிதத்தை ஷெரோமியிடம் கொடுத்து மேலே அனுப்பிவிட்டு, கீழே கேற்றடியில் நிற்பேன். இதற்குப் பதில் எழுதவேண்டாம். மருந்துப் போத்தலை எடுத்துக்கொண்டு இறங்கி வாருங்கள். படியில் இடது பக்கம் கைப்பிடி இல்லை, வலது பக்கச் சுவரைப் பிடித்து மெல்ல இறங்குங்கள். அவசரம் இல்லை, நான் நிற்கிறேன்.

உங்கள்
றோஸி