தற்செயலாகப் பட்டுப்புடவை

ஜூலை 10, வியாழன்

வருகிற ஞாயிற்றுக்கிழமை தெலுக் பஹாங் போகிறோம். அங்கே நிபோங் திபால் ஊரிலிருந்து வரும் குடும்பம் ஒன்றைத் ‘தற்செயலாக’ச் சந்திப்போம். மகன் பெயர் யுகேந்திரன். எல்லாம் அம்மாவின் ஏற்பாடு. இதுவரை என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் டத்தோ கிராமாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்து, கேசரி தின்று, போய்ச் சேர்ந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அவர்களுடைய காடி நம்பர்கூட மனப்பாடம்.

“கடலோரம்னா யாரும் பாக்க மாட்டாங்க லா, காமினி. ரிலெக்ஸா பேசலாம்,” என்றார் அம்மா. ஆடி பிறப்பதற்குள் பேசி முடிக்க வேண்டுமாம். ரிலெக்ஸாக, ஆனால் சீக்கிரமாக.

ஜூலை 12, சனி

கடற்கரைக்குப் பட்டுப்புடவை. சண்டை போட்டுத் தோற்றேன்.

முப்பத்து நான்கு வயதாகிறது. என்னை மனுஷியாக மதித்துப் பேசுகிற ஒரே ஒருவர் வந்தால் போதும் — இது பேராசையா?

ஜூலை 13, ஞாயிறு

தெலுக் பஹாங் அவசரம் தெரியாத ஊர். கடைக்காரர் நாற்காலியில் தூங்குகிறார், பூனை அவர் மடியில் தூங்குகிறது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நாங்கள் மட்டும்தான்.

தேசியப் பூங்கா வாசலில் அவர்கள் வந்து இறங்கினார்கள். “அடடே, நீங்களா!” என்றார் அப்பா, முன்பின் பார்த்திராதவர்களைப் பார்த்து. யுகேந்திரன் முழுக்கைச் சட்டையும் தோல் காலணியுமாக வந்திருந்தார். அவர் அம்மா கையில் வெற்றிலை, வாழைப்பழம், மல்லிகைச் சரம் வைத்த தாம்பாளம் — அதுவும் தற்செயல்தான். பெயர் பதியும் நூர் ஃபாத்திஹா எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, யாருக்குக் கல்யாணம் என்று மலாயில் கேட்டார். யாருக்கும் இல்லை என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம்.

படகேறிக் குரங்குக் கடற்கரைக்குப் போனோம். பெயரிலேயே எச்சரிக்கை இருந்தது, யார் கேட்டார்கள்? பாய் விரித்துத் தாம்பாளத்தை வைத்ததுதான் தாமதம், மரத்திலிருந்து ஒன்று இறங்கி வந்தது. பழச் சீப்பை ஒரு கையிலும் மல்லிகைச் சரத்தை மறு கையிலும் அள்ளிக்கொண்டு, வெற்றிலையை மணலில் கொட்டிவிட்டு ஏறிப் போய்விட்டது.

“அலாமா!” என்று அலறினார் அவர் அம்மா.

அப்பா கைகூப்பினார். “ஆஞ்சநேயரே நேர்ல வந்து வாங்கிட்டாரு. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்?”

“அவரு பிரம்மச்சாரி லா, அண்ணே! கல்யாணத் தட்ட ஒரு பிரம்மச்சாரி தூக்கிட்டுப் போனா நல்லதா?”

உடனே அம்மா களத்தில் இறங்கினார். “ராமரையும் சீதையையும் சேத்து வச்சதே அனுமார்தானே?”

“சேத்து வச்சி? அப்புறம் அந்தப் பொண்ண காட்டுக்கு அனுப்பலையா?”

பட்டிமன்றம் சூடு பிடித்தது. யுகேந்திரன் என் பக்கம் குனிந்து, “அது பசிக்கு எடுத்துச்சு. வாங்க, நாம நடக்கலாம்,” என்றார். காலணியைக் கழற்றி மணலைக் கொட்டினார்.

“உங்களுக்கு இது எத்தனாவது?”

“எண்ணுறத விட்டுட்டேன்,” என்றேன்.

“நானும்தான்.”

இருவரும் சிரித்தோம். புடவை முழங்கால் வரை நனைந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. யார் படிக்கப் போகிறார்கள், எழுதியே விடுகிறேன்: பிடித்துவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

அவர் அம்மா போன் செய்தார். அனுமார் பிரம்மச்சாரிதான் என்று ஜோசியரும் உறுதி செய்துவிட்டாராம். “மன்னிச்சுக்குங்க அக்கா, பொண்ணுக்கு வேற நல்ல இடமா பாருங்க.”

ஆஞ்சநேயரை மதிக்காத குடும்பம் நமக்கு வேண்டாம் என்று அப்பாவும் தீர்ப்புச் சொல்லிவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. கடற்கரையில அவ்வளவு பேசுன ஆளு எங்க போயிட்டாரு? நான் எதுக்கு இந்தப் போனையே பாத்துக்கிட்டுக் கெடக்கேன்? அழுகையா வருது, போ.

ஜூலை 20, ஞாயிறு

யுகேந்திரன் பட்டர்வொர்த் வரை வந்து, அங்கிருந்து ஃபெர்ரி ஏறி வந்துவிட்டார். ஜெட்டி அருகே ஒரு கடையில் உட்கார்ந்தோம். கட்டினால் காமினியைத்தான் என்று வீட்டில் சொன்னாராம். அன்றிலிருந்து அவர் அம்மா அடுப்பே மூட்டவில்லை.

“மூணு வேளையும் கடையில தாப்பாவ் கட்டிட்டு வந்துதான் சாப்பிடுறோம். அம்மா எறங்கி வரட்டும், அப்புறம் பேசலாம்னு இருந்தேன். எறங்குற மாதிரி தெரியல. உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க?”

சமைப்பாயா, வேலையை விடுவாயா, கொஞ்சம் மெலிவாயா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று கௌரவமாகச் சொன்னேன். தேநீர் ஆறுவதற்குள் பதிலையும் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையில் அடையாள அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வேலைக்கா என்று அம்மா கேட்டார். இல்லை, யுகேந்திரனோடு திருமணப் பதிவுக்கு மனு கொடுக்கப் போகிறேன் என்றேன். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் செருப்பை மாட்டினேன்.

“இருடி,” என்றார் அம்மா. “அப்பா சட்டை மாத்துறாரு.”