இரண்டு பல் சாவியை எங்கே வைத்தாய், தம்பி?

என் தங்கமே, என் திருட்டுப் பூனையே, தம்பி சலீமுக்கு,

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு சலாம் போட்டவள் என்பது உனக்குத் தெரியும். பிழை இருந்தால் உன் பெரிய மகள் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். பிழையைத் திருத்து, திட்டுகளை மட்டும் எடுத்துவிடாதே என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஏனென்றால் இதில் திட்டு நிறைய வரும். நீ வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும், எழுந்து வெளியே போக முடியாதே.

பங்குனியில் நீ போனாய். மார் வலிக்கிறது என்று சொன்னாய், மும்தாஜ் தண்ணீர் எடுத்து வருவதற்குள் முடிந்துவிட்டது. அவளுக்கும் உன் இரண்டு பெண்களுக்கும் நீ விட்டுவிட்டுப் போனது உன் வெள்ளை வேன் ஒன்றுதான். ஏழுமலை என்று ஒருவனை ஓட்ட வைத்தோம். நல்லவன், முப்பது வயது, வாய் கொஞ்சம் அதிகம். காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினான். வீட்டில் அடுப்பு எரிந்தது. ஏழு மாதம் ஒரு பஞ்சர்கூட ஆகவில்லை. நீ அங்கிருந்து அல்லாவிடம் கேட்கிற துஆ என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மழை வந்தது. அனகாபுத்தூர் மழையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டாம். மூன்றாம் நாள் காலை, ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து, ஏரியைத் திறக்கிறார்கள், ஆற்றோரம் இருப்பவர்கள் மேட்டுக்குப் போங்கள் என்று கத்திவிட்டுப் போனார்கள். பாயையும் பாத்திரத்தையும் பரணில் ஏற்றினோம். வேனைப் பம்மல் மேட்டில் கொண்டுபோய் நிறுத்த ஏழுமலை வந்தான். வந்தவன் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். பின்சக்கரம் ஒன்றில் காற்றே இல்லை.

“அது இன்னா பெரிய விஷயம், ஸ்டெப்னி கீது, பத்து நிமிஷம் அக்கா” என்றான்.

ஜாக்கி வைத்துத் தூக்கினான். மூன்று நட்டு ஒழுங்காகக் கழன்றன. நாலாவதில் நட்டுத் திருகுகிற பானாவை மாட்டித் திருப்பினான், பானா மட்டும் சுற்றியது. மறுபடி மாட்டினான், மறுபடி சுற்றியது. சேற்றைத் துடைத்துப் பார்த்தால் நட்டுக்கு மூலையே இல்லை, உன் முன்மண்டை மாதிரி மொழுமொழுவென்று இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஞாபகம் இருக்கிறதா? ஒரு நாள் விடியற்காலையில் எழுந்து பார்த்தால் வேன் மூன்று சக்கரத்தோடு செங்கல் மேல் நின்றது. அன்றைக்கு நீ போட்ட சபதம் தெருவுக்கே கேட்டது. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டை எடுத்து, அரம் போட்டு அதன் ஆறு மூலையையும் தேய்த்தாய். நட்டின் தலையில் இரண்டு பள்ளம் வெட்டினாய். அந்தப் பள்ளத்தில் போய் உட்காருகிற மாதிரி, இரண்டு பல் வைத்த சாவி ஒன்றை லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கி வந்தாய். “இனிமே எவன் வந்தாலும் வெறுங்கையோட போவான்” என்று என்னிடம் காட்டினாய். நான்கூட, திருடன் வந்து உன்கிட்டயே சாவி கேட்பான்டா, குடுத்துடு என்று கேலி செய்தேன்.

அந்தச் சாவியை எங்கே வைக்கிறாய் என்று கேட்டதற்கு நீ சிரித்தாய். யார் கண்ணிலும் படாத இடம் என்றாய். சொன்னபடியே செய்தாய் போ. இன்று வரைக்கும் யார் கண்ணிலும் படவில்லை.

மும்தாஜும் நானும் வீட்டைக் கவிழ்த்தோம். பரணில் ஏற்றியதையெல்லாம் மறுபடி இறக்கினோம். அரிசி டின்னில் கை விட்டோம், உன் சட்டைப் பை எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் பார்த்தோம், வேன் சீட்டைப் பிய்த்தோம். அலமாரிக்குப் பின்னால் துணியில் சுற்றி ஏதோ இருந்தது. கிடைத்துவிட்டது என்று அவள் கத்தினாள். பிரித்தால் கடலை மிட்டாய். சர்க்கரை வியாதிக்காரன் பொண்டாட்டிக்குத் தெரியாமல் ஒளித்து வைத்த கடலை மிட்டாய், ஒரு பாக்கெட் முழுதாக, ஒரு பாக்கெட் பாதி. எறும்புகூட அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஒளிப்பதில் நீ கெட்டிக்காரன்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அவள் அந்தப் பாதிப் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

வெளியே ஏழுமலை என்னென்னவோ செய்தான். பானாவுக்குள் துணியை அடைத்துத் திருப்பினான். சின்ன பானாவை நட்டின் மேல் வைத்துச் சுத்தியால் அடித்தான். பக்கத்து வீட்டிலிருந்து இரும்புக் குழாய் கொண்டுவந்து பானாவின் பிடியில் செருகி, ஏறி நின்று குதித்தான். பானா வழுக்கி, அவன் சேற்றில் மல்லாந்து விழுந்தான்.

“பூட்டு போட சொன்னா சமாதி கட்டி வெச்சிகீறாரு அக்கா உன் தம்பி” என்றான் படுத்தபடியே. “இத்த வெட்டித்தான் எடுக்கணும். உளி கீதா வூட்ல?”

உளிக்கு எங்கே போவது? தேங்காய் உடைக்கிற அரிவாளைக் கொடுத்தேன். வாய் மழுங்கியதுதான் மிச்சம். பம்மல் ரோட்டு மெக்கானிக் கடை வரைக்கும் நனைந்துகொண்டு ஓடினான், ஷட்டர் மூடிக் கிடந்ததாம். திரும்பி வரும்போது தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது.

கழற்றிய மூன்று நட்டையும் திரும்ப முடுக்கி, காற்றில்லாத சக்கரத்தோடே ஓட்டிவிடலாம் என்று முடிவு செய்தோம். இதை முதலிலேயே செய்திருக்கலாம், யாருக்கும் தோன்றவில்லை. ஒரு நட்டு அல்லவா, இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்றே நேரத்தைத் தின்றுவிட்டோம். மூன்று நாள் மழையில் நனைந்த எஞ்சின் கிளம்பவில்லை. தெருக்காரர்கள் எட்டுப் பேர் வந்தார்கள். நானும் முந்தானையைச் செருகிக்கொண்டு தள்ளினேன். இரண்டு வீடு தாண்டியது. மேடு ஏறுகிற இடத்தில் அந்தச் சக்கரம் மணலில் இறங்கியது பார், அவ்வளவுதான். எட்டுப் பேரும் மூச்சு வாங்கினார்கள், வேன் அசையவில்லை. பிறகு அவரவர் வீடு ஞாபகம் வந்து ஒவ்வொருவராகப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. நீ என்னிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று மனதுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டே, வாயால் “சரியாயிடும் மும்தாஜ், வா போலாம்” என்றேன். அவள் வேன் கதவில் கை வைத்தபடி நின்றாள்.

“உங்க தம்பி திருடனை நம்பல, சரி. என்னை ஏன்கா நம்பல?” என்று கேட்டாள்.

அவள் கையைக் கதவிலிருந்து எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தேன்.

பள்ளிக்கூடத்து மாடியில் இரண்டு நாள் இருந்தோம். பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு அவள் வேன் நின்ற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், வேன் அதே இடத்தில் நின்றது. சீட்டுக்கு மேல் வரைக்கும் சேற்றுக் கோடு. பம்மல் மெக்கானிக் உளியோடு வந்தார். நட்டின் பக்கவாட்டில் உளியை வைத்து அடித்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, பிளந்து கையோடு வந்துவிட்டது.

“யாருமா இத்த இப்படி ராவி வெச்சது? திருடன் தோத்துப் பூடுவான்” என்றார்.

“திருடன் தோத்துட்டான் பாய், நாங்களுந்தான் தோத்துட்டோம்” என்றேன்.

மற்ற மூன்று சக்கரத்திலும் நீ வைத்த நட்டுகளையும் அவரையே பிளக்கச் சொன்னேன். கோபித்துக்கொள்ளாதே. வேன் இப்போது அவர் பட்டறையில் பிரித்துப் போட்டபடி கிடக்கிறது. எஞ்சின் ஓடுமா என்று கேட்டால் வானத்தைக் காட்டுகிறார். ஏழுமலை ஆட்டோ ஓட்டப் போய்விட்டான், வேன் எழுந்தால் கூப்பிடு என்று சொல்லியிருக்கிறான். மும்தாஜ் வீட்டில் தையல் மெஷினை எடுத்துப் போட்டிருக்கிறாள், அதுவும் நனைந்ததுதான், நூலை அறுத்து அறுத்துத் தைக்கிறது.

நீ அவளிடம் சொல்லத்தான் இருந்தாய், அதற்குள் நேரம் வந்துவிட்டது என்று அவளிடம் சொல்லட்டுமா? உண்மையா பொய்யா என்று எனக்கே தெரியாதேடா. உனக்காவது தெரியுமா? பொய்யாக இருந்தாலும் அவள் அன்று ராத்திரி தூங்குவாள். ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். கடலை மிட்டாய் கிடைத்த நாளிலிருந்து இந்தக் குடும்பத்தில் யார் பேச்சையும் அவள் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை.

அதனால் வேறொன்று செய்தேன். நேற்று அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, என் மூக்குத்தி எந்த டப்பாவில், ரேஷன் கார்டு எந்தப் பெட்டிக்கு அடியில், பின்கதவுச் சாவி எந்த ஆணியில், எல்லாவற்றையும் காட்டினேன். “இப்போ எதுக்குக்கா இதெல்லாம்?” என்றாள். “சும்மா கேளுடி, சொல்லாம போற ஜாதி நாங்க, ஒருத்தியாவது சொல்லிட்டுப் போறேன்” என்றேன். முதலில் முறைத்தாள். பிறகு, “உங்க தம்பி அந்தச் சாவிய எங்கதான் வெச்சிருப்பாரு அக்கா?” என்று சின்னக் குரலில் கேட்டாள். வெள்ளத்துக்குப் பிறகு அவள் உன் பேச்சை எடுத்தது அதுதான் முதல் தடவை. தெரியலடி என்றேன்.

சலீமு, இது என் சத்தியம். அந்த வேன் எழுந்து நின்றால், பதினாறு நட்டும் ஒரே பானாவுக்குக் கழலும். எவனாவது சக்கரத்தைத் திருடிக்கொண்டு போனால் போகட்டும். முதல் பஞ்சரை மும்தாஜ் தன் கையால் மாற்றுவாள். நான் பக்கத்தில் நின்று, உன்னைக் கேலி செய்த மாதிரியே அவளையும் கேலி செய்துகொண்டிருப்பேன். வேன் எழவில்லை என்றாலும் அவள் பக்கத்திலேயே நிற்பேன்.

இப்படிக்கு,
உன்னை இடுப்பில் சுமந்து, இன்னும் இடுப்பு வலியோடு இருக்கிற
உன் அக்கா சபுரா