மசினகுடி ஜப்தி

அருவங்காடு
6.1.2025

அன்புள்ள ஸ்ரீஹரிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு வாய்க்கொழுப்பு. மற்றபடி இங்கே சுகம். உறைபனியில் கொத்தமல்லிப் பாத்தி கருகிவிட்டது. நீயும் காயத்ரியும் பாப்பாவும் நலம்தானே?

போனில் பேசலாம்தான். பேசினால் கோபத்தில் உளறிவிடுவேன். எழுதினால் உன் அம்மா படித்துப் பார்த்து வேண்டாத வார்த்தையை அடித்துவிடுவாள். இதில் கறுப்பாக இருக்கிற இடமெல்லாம் அவள் கைவரிசை.

பசுங்குன்று ரிசார்ட்ஸ் கேஸில் ஜூலையில் நாம் ஜெயித்தது உனக்குத் தெரியும். பொய்க் கணக்குக் காட்டிப் பங்கு விற்றது மோசடி, கம்பெனி சேர்மன் நம் பணத்தை வட்டியோடு திருப்பித் தரவேண்டும் என்று ஜட்ஜ் எழுதிவிட்டார். நான் தெருவுக்கே லட்டு கொடுத்தேன். லட்டு தீர்ந்த பிறகுதான் வக்கீல் ரோஸ்மேரி மேடம் சொன்னார்: "ஏனுங்க, தீர்ப்புங்கறது வெறுங் காயிதம். அதை வெச்சு அந்தாளு சொத்தைப் புடிச்சாத்தான் காசு. அதுக்குத் தனியா மனுப் போடோணும்." பத்தாவதில் கணக்குக்கு முப்பத்தைந்து வாங்கினவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

சேர்மனுக்கு என்ன சொத்து இருக்கிறது என்று தேடினோம். குன்னூர் பங்களா வாடகையாம். கார் மச்சினன் பேரிலாம். மசினகுடி ரிசார்ட் மட்டும்தான் அவர் பேரில் இருந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அதற்கு வில்லங்கம் போட்டு எடுத்தோம். தீர்ப்புக்கு நாலு மாதம் முன்னால் கிரயம் ஆகியிருக்கிறது. வாங்கினவர் பேரை வாய்விட்டுப் படித்த ரோஸ்மேரி மேடம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

சேர்மன் ஆபீஸை விட்டுவிட்டேன் என்று நீ சொன்னதை ஆறு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். மாதம் முப்பத்தெட்டாயிரம் வாங்கும் அக்கவுண்டன்ட் மூன்று ஏக்கர் ரிசார்ட்டை எப்படி வாங்கினான்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

அப்பா
நல்லசிவம்


கோயமுத்தூர்
17.1.2025

அப்பாவுக்கு,

பொங்கலுக்கு வராததற்கு மன்னிக்கவும். அந்த ஆபீஸை நான் விடவில்லை. "பேருக்குத்தான் தம்பி, ஒரே ஒரு கையெழுத்து" என்று சேர்மன் கேட்டார். அப்போது காயத்ரி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள். பில்லை அவர்தான் கட்டியிருந்தார். மறுக்க முடியவில்லை. மற்றபடி ஒரு பைசா நான் வாங்கவில்லை.

நீங்கள் ரிசார்ட்டை ஜப்தி செய்தால் நான் பினாமி என்று கோர்ட்டில் ஆகிவிடும். வேலை போகும், என் மேலும் கேஸ் வரும். சேர்மனிடம் பேசிவிட்டேன். உங்கள் பங்குக்கான பணத்தை வட்டியோடு தருகிறார். கூட வைத்திருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டுக் கோர்ட்டில் கொடுத்தால் போதும். தீர்ப்புத் தொகை முழுவதும் வந்துவிட்டது, இனி பாக்கி இல்லை என்று அதில் இருக்கிறது. எல்லாப் பங்கும் உங்கள் ஒருவர் பேரில்தானே இருக்கிறது? மற்றவர்கள் கேட்க முடியாது. அம்மாவை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் மகன்
ஸ்ரீஹரி


அருவங்காடு
27.1.2025

ஸ்ரீஹரிக்கு,

'அன்புள்ள' போடவில்லை. மறந்துபோய் இல்லை.

மற்றவர்கள் ஏன் கேட்க முடியாது? உன் அப்பன் முட்டாள்தனத்தால். வெடிமருந்து ஃபேக்டரி கேன்டீனில் ஒருத்தன் வரிசையில் நின்று எட்டுப் பேருக்கு டோக்கன் வாங்குவோம். அதே பழக்கத்தில் பங்கும் வாங்கினோம். பான் கார்டு, பேங்க், டீமேட் என்று இருபத்து மூன்று பேரும் லீவு போட்டு அலைவானேன், என் ஒருத்தன் பேரில் இருக்கட்டும் என்று சொன்ன மேதை நான்தான். டோக்கனுக்கு வடையாவது வந்தது.

அதனால்தான் தீர்ப்பும் என் பேரில் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டால் இருபத்திரண்டு பேருக்குக் கதவைச் சாத்தினதாகும். இது சேர்மனுக்குத் தானாகத் தோன்றியிராது. இந்த ஓட்டை நம் வீட்டு ஆளுக்குத்தான் தெரியும். நீ சொல்லிக் கொடுத்திருக்கிறாய்.

ஆஸ்பத்திரி பில் என்ன, பைசாவில் சேராதா? என்னிடம் கேட்டிருந்தால் உன் அம்மா வளையலை வைத்துக் கட்டியிருப்பேன்.

உன் பேருக்கு மாற்றினது வெறும் கண்துடைப்பு என்று ஜப்தி மனுவைப் போன வாரமே போட்டாகிவிட்டது. நேற்று சுடலை வந்தான். என்னோடு இருபது வருஷம் ஒரே ஷெட்டில் நின்றவன். விருப்ப ஓய்வில் வந்த பணம் மொத்தத்தையும் என்னை நம்பிக் கொடுத்துவிட்டு, அறுபத்தோரு வயதில் ஊட்டி மார்க்கெட்டில் கேரட் மூட்டை தூக்குகிறான். "அண்ணாச்சி, அந்த ரிசார்ட்ட வாங்குனவன் யாருன்னு தெரிஞ்சுதா?" என்றான். டீ ஆறுது, குடி என்றேன். "எனக்குத் தெரியும் அண்ணாச்சி. உங்க வாயால வரட்டும்னு பாத்தேன்."

சொன்னேன். அவன் டீயைக் குடித்து முடித்தான். "நீங்க மனுவ வாபஸ் வாங்குனாலும் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். புள்ளைல்லா" என்றான்.

அவன் என் சட்டையைப் பிடித்து நாலு அறை விட்டிருந்தால், வீம்புக்கு உன் தாளில் கையெழுத்துப் போட்டாலும் போட்டிருப்பேன். அவன் அப்படிச் சொன்ன பிறகு என்னால் முடியாது.

தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீயே வந்து நடந்ததைச் சொல். ரோஸ்மேரி மேடம் வாக்குமூலம் எழுதித் தருகிறேன் என்கிறார். நீயாக வந்தால் தண்டனை குறையுமாம். பிப்ரவரிக்குள் வா.

அப்பா


அருவங்காடு
10.3.2025

ஸ்ரீஹரி,

பதில் இல்லை. என் பதிவுத் தபாலைக் காயத்ரி கையெழுத்துப் போட்டு வாங்கினதற்கான அட்டை மட்டும் வந்து சேர்ந்தது.

வியாழக்கிழமை ஜப்தி நடந்தது. கோர்ட் அமீனாவை மனுப் போட்டவன்தான் கூட்டிப்போய் இடத்தைக் காட்டவேண்டுமாம். ஜீப்பும் என் செலவு, தமுக்கு அடிப்பவர் கூலியும் என் செலவு. கல்லட்டி இறக்கத்தில் அமீனா வாந்தி எடுத்தார். உன்னைத் திட்டிக்கொண்டே போன நான், அவர் மூக்கடியில் எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரிசார்ட் வாசலில் தமுக்கு அடித்தார்கள். டூரிஸ்டுகள் போனில் படம் பிடித்தார்கள். அமீனா உத்தரவைச் சத்தமாகப் படித்தார்: "அருவங்காடு நல்லசிவம் மகன் ஸ்ரீஹரி பேரில் உள்ள இந்தச் சொத்தை யாரும் வாங்கவோ விற்கவோ கூடாது." அடுத்து மனுதாரர் பேர். அதுவும் அருவங்காடு நல்லசிவம்.

தமுக்குக்காரர் குச்சியை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, ரெண்டு நல்லசிவமும் ஒரே ஆளுங்களா?"

"ஒரே ஆளுதானுங்க. நீங்க அடிங்க" என்றேன்.

உன்னை ஏப்ரல் ஒன்பதாம் தேதி ஊட்டி கோர்ட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சொத்து உன்னுடையது என்று சொல்வாயோ, இல்லை என்று சொல்வாயோ, உன் இஷ்டம். உன்னிடம் கேட்க ஏழு கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் கேள்வி, அந்த இடத்தை நீ ஒரு தடவையாவது பார்த்திருக்கிறாயா என்பது. நான் பார்த்துவிட்டேன்.

அன்றைக்கு அம்மா உனக்கும் சேர்த்துச் சோறு கட்டிக்கொண்டு வருவாள். அவளைத் தடுக்க என்னால் ஆகாது. நீ சாப்பிடு. ஆனால் என் பக்கத்தில் உட்காராதே. அங்கே சுடலை உட்காருவான்.

நல்லசிவம்
மனுதாரர்